கையேட்டின் கடைசிப் பக்கம்

டிஸ்க் பிளேயரோடு வரும் சிறு கையேட்டின் கடைசிப் பக்கத்தில் தொழில்நுட்ப விவரங்கள் ஒரு கட்டத்துக்குள் அச்சாகியிருக்கும். மின்சாரம் 100 முதல் 240 வோல்ட். லேசரின் அலைநீளம் 650/780 நானோமீட்டர். கிடைமட்டத் தெளிவு 500 வரி. இரைச்சல் விகிதம் 90 டெசிபலுக்கு மேல். ஆடியோ டிஏசி 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ். 1990களின் கடைசியில் விசிடி பிளேயரும், அடுத்த சில ஆண்டுகளில் டிவிடி பிளேயரும் தமிழ்நாட்டுச் சிறு நகரங்களின் வீடுகளுக்குள் வந்தபோது, பெரியவர்களுக்குப் படம் ஓடினால் போதுமாக இருந்தது. இந்தப் பக்கத்தை எழுத்தெண்ணிப் படித்தவர்கள் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள்தான். அதிலிருந்த எண்களில் சில இயற்பியல் விதித்த எல்லைகள். வேறு சில, அட்டைப்பெட்டியின் மேல் பெரிதாகப் போடுவதற்காகவே ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தவை. திரையில் தெரிந்த படத்தையும் காதில் விழுந்த பாட்டையும் உண்மையில் தீர்மானித்த எண்களோ பெரும்பாலும் அந்தப் பக்கத்துக்கு வரவே இல்லை.

லேசரைப் பற்றிய வரிதான் அவற்றுள் மிக உண்மையான வரி. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து உருவாக்கி 1982இல் விற்பனைக்கு வந்த சிடி, 12 சென்டிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்டது. அதன் அடியில் ஒரே சுருள் தடம் உள்வட்டத்திலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். இதைப் படிக்க 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் போதும். டிவிடியில் அந்த இடைவெளி 0.74 மைக்ரோமீட்டராகக் குறைந்தது. குழிகளும் ஏறத்தாழப் பாதி நீளமாயின. அவ்வளவு சிறிய புள்ளியாகக் குவிய, அலைநீளம் குறைந்த சிவப்பு லேசர் வேண்டும்: 650 நானோமீட்டர். ஒரே அளவு டிஸ்க்கில் 650 மெகாபைட்டு இருந்த இடத்தில் 4.7 ஜிகாபைட்டு அடங்கியதற்கு முதற்காரணம் இதுதான்.

இரண்டு எண்களுக்கு நடுவிலிருந்த சாய்கோட்டுக்கும் பொருள் உண்டு. ஆரம்பகால டிவிடி பிளேயர்கள் சிலவற்றில் 650 நானோமீட்டர் லேசர் மட்டுமே இருந்தது. அச்சிட்ட சிடியை அது படித்துவிடும். வீட்டிலோ கடையிலோ எழுதிய சிடி-ஆர் டிஸ்க்கைப் படிக்காது, ஏனெனில் அதன் சாயப்பூச்சு 780 நானோமீட்டர் ஒளிக்கென்றே செய்யப்பட்டது. பிடித்த பாட்டுகளின் பட்டியலைக் கொடுத்து சிடி எழுதி வாங்கும் பழக்கம் இருந்த ஊர்களில் இது சிறிய குறை இல்லை. இரட்டை லேசர் வந்த பிறகுதான் புதுப் பெட்டி பழைய டிஸ்க்குகளையும் ஏற்றுக்கொண்டது.

தடம் உள்ளிருந்து வெளியே ஓடுகிறது என்பதை மக்கள் கையேடு படிக்காமலேயே அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். வாடகைக்குப் போய்வந்த டிஸ்க்கில் விரல் ரேகையும் அழுக்கும் விளிம்போரத்தில்தான் அதிகம். டிஸ்க் நிறையப் பதிந்த படத்தில் அந்த இடம் கடைசிக் காட்சிகளுக்கு உரியது. டைட்டில் பளிச்சென்று ஓடும், கிளைமாக்ஸில் வந்து நின்றுவிடும்.

விசிடியின் கணக்கு, அந்தக் காலத்துப் பொறியியல் சிக்கனத்துக்கு நல்ல சான்று. 1993இல் வெளியான வெள்ளைப் புத்தகம் என்ற விதித்தொகுப்பு அதை வரையறுத்தது. எம்பெக்-1 முறையில் சுருக்கிய படம், நம்முடைய பிஏஎல் முறைக்கு 352×288 புள்ளிகள், வினாடிக்கு 25 சட்டங்கள். படத்துக்கு வினாடிக்கு 1,150 கிலோபிட், ஒலிக்கு 224 கிலோபிட், இரண்டும் சேர்ந்து 1,374. பாட்டு சிடியில் ஒலிக்கு மட்டும் வினாடிக்கு 1,411 கிலோபிட் செலவாகிறது. அதாவது வெறும் பாட்டு ஓடிக்கொண்டிருந்த அதே வாய்க்காலில், டிஸ்க்கின் வேகத்தையும் மாற்றாமல், ஒரு முழுத் திரைப்படத்தின் படத்தையும் ஒலியையும் சேர்த்து ஓடவிட்டார்கள். அதனால்தான் சிடி பிளேயரின் இயந்திரப் பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, படத்தை விரிக்கும் ஒரு சிப்பை மட்டும் சேர்த்து மலிவாக விசிடி பிளேயர் செய்ய முடிந்தது. சீனாவின் வான்யான் நிறுவனம் 1993இல் அமெரிக்க சி-கியூப் நிறுவனத்தின் சிப்பைக் கொண்டு அப்படித்தான் முதல் பிளேயரைச் செய்தது. அமெரிக்க வீடுகளில் பிடிக்காத விசிடி, சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இந்தியாவிலும் வேரூன்றியதற்கு இந்த மலிவே வழி.

அந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலையும் இருந்தது. சிடியில் தரவு சிறு சிறு துண்டங்களாக எழுதப்படுகிறது, வினாடிக்கு 75 துண்டங்கள். கணினிக் கோப்பு என்றால் ஒரு துண்டத்தில் 2,048 பைட்டுகள்தான் தரவு. மிச்ச இடத்தில் பெரும்பகுதி பிழை திருத்தத்துக்குப் போகும். விசிடியில் அந்தக் கூடுதல் பிழை திருத்தத்தை விட்டுவிட்டு 2,324 பைட்டுகளைப் படத்துக்கே கொடுத்தார்கள். அதனால் 650 மெகாபைட்டு டிஸ்க்கில் 740 மெகாபைட்டுக்கு அருகே படம் ஏறியது. கீறல் விழுந்த இடத்தில் கதாநாயகியின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறியதும் இதே காரணத்தால்தான். சிடியின் அடிப்படைப் பிழை திருத்தம் மட்டுமே காவலுக்கு இருந்தது. அதைத் தாண்டிய கீறலுக்கு மருந்து இல்லை.

ஒரு டிஸ்க்கின் நேரம் 74 நிமிடம். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு இரண்டு டிஸ்க்குகள் ஒரு மயிரிழையில் போதாது. 80 நிமிட டிஸ்க் என்றால் சமாளிக்கலாம், இல்லாவிட்டால் மூன்றாவது டிஸ்க் வரும். தியேட்டரின் இடைவேளை ஓரிடத்திலும் டிஸ்க் மாற்றும் இடம் வேறிடத்திலும் விழுந்ததால், பாட்டின் நடுவிலேயே ஒருவர் எழுந்துபோய் ட்ரேயைத் திறக்க வேண்டியிருந்தது. மூன்று டிஸ்க்குகளைச் சுழல் தட்டில் வைக்கும் பிளேயர்கள் இந்த ஊர்களில் விரும்பப்பட்டதன் காரணம் ஆடம்பரம் அல்ல, படத்தின் நீளம். ரிமோட்டில் இருந்த பிபிசி என்ற பொத்தானும் இக்காலத்தது. விசிடியின் இரண்டாம் பதிப்பு கொண்டுவந்த மெனு வசதியை அது இயக்கும். அதை அணைத்துவிட்டால் மெனுவைத் தாண்டி எண்ணை அழுத்தி நேரே வேண்டிய பாட்டுக்குப் போகலாம். பாட்டு விசிடி வைத்திருந்த வீடுகளில் அது அணைந்தே கிடந்தது.

டிவிடிக்கான பொதுவிதி 1995இல் உடன்பாடாகி, 1996 நவம்பரில் ஜப்பானில் பிளேயர்கள் விற்பனைக்கு வந்தன. 0.6 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரண்டு தகடுகளை ஒட்டிச் செய்த டிஸ்க் அது. ஓர் அடுக்கு என்றால் 4.7 ஜிகாபைட்டு, டிவிடி-5 என்று பெயர். ஒரே பக்கத்தில் இரண்டு அடுக்கு என்றால் 8.5, அது டிவிடி-9. பெயரிலுள்ள எண் கொள்ளளவைக் கிட்டத்தட்டச் சொல்வது. இரண்டடுக்கு டிஸ்க்கில் முதல் அடுக்கு முடிந்து லேசர் அடுத்த அடுக்குக்குக் குவியம் மாற்றும் கணத்தில் படம் ஒரு நொடி உறையும். புது டிஸ்க்கில் கீறலா என்று பலர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள்.

டிவிடியின் படம் எம்பெக்-2 முறையில் 720×576 புள்ளிகள். விசிடியைப் போல நான்கு மடங்குக்கும் மேல். படத்துக்கு வினாடிக்கு அதிகபட்சம் 9.8 மெகாபிட் வரை போகலாம். இந்த உச்ச எண் கையேட்டில் இருக்கும். டிஸ்க்கில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்பதை எந்தக் கையேடும் சொல்ல முடியாது, ஏனெனில் அது டிஸ்க் செய்தவர் கையில் உள்ளது. கணக்கு எளிது. 4.7 ஜிகாபைட்டில் ஒரே ஒரு இரண்டரை மணி நேரப் படம் என்றால், ஒலியும் சேர்த்து வினாடிக்குச் சராசரி 4.2 மெகாபிட் அளவு கிடைக்கும். கண்ணுக்குத் திருப்தியான படம் அது. அதே டிஸ்க்கில் மூன்று படங்களை ஏற்றினால் சராசரி 1.4 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். அது விசிடியின் அளவேதான். 'ஒரே டிவிடியில் 3 படங்கள்' என்று ஒட்டி விற்ற டிஸ்க்குகளை வாங்கிவந்து, டிவிடியிலும் ஏன் மழைக்காட்சி மங்கலாகத் தெரிகிறது என்று பிளேயரைக் குறைசொன்ன வீடுகள் ஏராளம். பிளேயர் மேல் குற்றம் இல்லை. கொடுத்த பிட்டுகளைத்தான் அதால் விரிக்க முடியும்.

அனுமதியுள்ள டிஸ்க்குகள் கைக்கெட்டும் விலைக்கு வந்தது கொஞ்சம் தாமதமாகத்தான். மோசர் பேயர் நிறுவனம் 2007 வாக்கில் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்தபோது, பழைய தமிழ்ப் படங்கள் அட்டை உறையோடு மளிகைக்கடை வரை வந்தன. கேமரா பிரிண்ட் பார்த்துச் சலித்த கண்களுக்கு, நேரான சட்டமும் தெளிவான ஒலியும் எப்படி இருக்கும் என்று தெரியவந்த காலம் அது.

'கிடைமட்டத் தெளிவு 500 வரி' என்பது அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட வரி. திரையில் மேலிருந்து கீழாக அடுக்கிய 576 வரிகளோடு இதற்குத் தொடர்பில்லை. படத்தின் உயரத்துக்குச் சமமான அகலத்துக்குள் பக்கம்பக்கமாக எத்தனை செங்குத்துக் கோடுகளைப் பிரித்துக் காட்ட முடியும் என்பதே அந்த எண். டெக்கில் ஓடிய விஎச்எஸ் கேசட்டுக்கு 240 அளவு, விசிடிக்கும் ஏறத்தாழ அவ்வளவே, டிவிடிக்கு 500. கேசட்டிலிருந்து விசிடிக்கு மாறியவர்கள் தெளிவு கூடவில்லை என்று சொன்னதும், டிவிடிக்கு மாறியவர்கள் வியந்ததும் இந்த மூன்று எண்களுக்குள் அடக்கம்.

பிஏஎல், என்டிஎஸ்சி என்ற இரண்டு சொற்கள் குடும்பங்களில் உண்டாக்கிய குழப்பம் தனி. அப்போது இந்தியத் தொலைக்காட்சி 625 வரி, வினாடிக்கு 25 சட்டம் கொண்ட பிஏஎல். அமெரிக்காவும் ஜப்பானும் 525 வரி, ஏறத்தாழ 30 சட்டம் கொண்ட என்டிஎஸ்சி. வெளிநாட்டுச் சந்தையை மனத்தில் வைத்துச் செய்த இந்தியப் பட டிவிடிகள் பலவும் என்டிஎஸ்சியில் இருந்தன. பழைய டிவிப் பெட்டிக்கு அந்த முறை தெரியாவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாகும், அல்லது மேல்நோக்கி உருண்டுகொண்டே இருக்கும். ரிமோட்டில் 'என்/பி' என்றொரு பொத்தான் இதற்காகவே இருந்தது. விளையாட்டாகக் குழந்தை அதை அழுத்திவிட்டால், பிளேயர் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைத் தேடிப் போவார்கள். அதைவிடக் கொடியது பக்கத்திலிருந்த 'வி-மோட்'. வெளியீட்டை மஞ்சள் குழியிலிருந்து காம்பொனென்ட்டுக்கோ புரோகிரஸிவ் ஸ்கேனுக்கோ மாற்றிவிடும், திரை இருண்டுபோகும். மெனுவைப் பார்த்துத் திருத்தவும் வழியிருக்காது. மீண்டும் அதே பொத்தானைச் சிலமுறை அழுத்தினால் படம் திரும்பும் என்பதை அறிந்த பையனுக்குத் தெருவில் மதிப்பிருந்தது.

பின்புறக் குழிகளில் மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. இந்த மஞ்சள் கம்பியில் நிறமும் வெளிச்சமும் ஒன்றாகக் கலந்து போகின்றன, டிவி அவற்றை மறுபடி பிரிக்கிறது. பிரிக்கும்போது கோடுபோட்ட சட்டையின் மேல் வானவில் நெளியும். எஸ்-வீடியோ இரண்டையும் தனித்தனியே அனுப்பியது. பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று கம்பியில் வந்த காம்பொனென்ட் நிறத்தையும் இரண்டாகப் பிரித்து அனுப்பியது. தெளிவில் ஏறுவரிசை இதுதான். ஆனால் பல வீடுகளின் டிவியில் ஆன்டெனா குழி மட்டுமே இருந்தது. அங்கே ஆர்எஃப் மாடுலேட்டர் என்ற சிறு டப்பாவை இடையில் மாட்டி, டிஸ்க்கின் படத்தை ஒரு சேனலைப் போல டிவிக்குள் அனுப்பினார்கள். 500 வரி அந்த டப்பாவோடு முடிந்துபோயிற்று.

படத்தின் வடிவத்துக்கு மூன்று தேர்வுகள்: 4:3 பான் ஸ்கேன், 4:3 லெட்டர்பாக்ஸ், 16:9. பழைய கண்ணாடிக்குழாய் டிவிக்கு 16:9 வைத்துவிட்டால் எல்லோரும் ஒல்லியாக நெட்டையாகத் தெரிவார்கள். லெட்டர்பாக்ஸ் வைத்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும். சினிமாஸ்கோப் படத்துக்கு அதுதான் சரி, இயக்குநர் வைத்த சட்டம் முழுதாகத் தெரியும். 'பாதி டிவி வீணாகிறது' என்று பட்டையைப் பொறுக்காத வீடுகளில் ஜூம் பொத்தான் தேய்ந்துபோனது.

ஒலி பற்றிய வரிகளில்தான் பெரிய எண்கள் குடியிருந்தன. டிஏசி என்பது எண்களை மின்னலையாக மாற்றும் சிப். 192 கிலோஹெர்ட்ஸ் ஒலியை டிவிடி-ஆடியோ என்ற தனிவகை டிஸ்க் மட்டுமே தரும். டிவிடி படத்தில் உச்சம் 96, வழக்கமாக 48. விசிடியிலும் பாட்டு சிடியிலும் 44.1. ஆகவே தமிழ்நாட்டு வீடுகளில் விற்ற பெட்டிகளுள் மிகப் பெரும்பாலானவை 192 என்ற எண்ணை ஒருநாளும் பயன்படுத்தியிருக்க வாய்ப்பில்லை. இரைச்சல் விகிதம் அப்படியல்ல. பாட்டின் உச்ச ஒலிக்கும் சுற்றின் சீறலுக்கும் உள்ள இடைவெளி அது, 16 பிட் சிடிக்குக் கோட்பாட்டளவில் 96 டெசிபல். கேசட் கேட்டு வளர்ந்தவர்கள் வீணை மீட்டலின் நடுவே முழு அமைதியை முதன்முதலாகக் கேட்டது இந்த எண்ணால்தான்.

டால்பி டிஜிட்டல் சின்னம் இரண்டு வேறு பொருளில் அச்சானது. பிளேயரே ஒலியை ஆறு தடங்களாகப் பிரித்து ஆறு குழிகளில் தருவது ஒன்று. பிரிக்காமல் கோஆக்ஸியல் அல்லது ஆப்டிகல் கம்பி வழியே வெளியே அனுப்பி, ஆம்ப்ளிஃபயரிடம் விட்டுவிடுவது மற்றொன்று. வாங்குமுன் இதைக் கேட்டவர்கள் குறைவு. வீட்டில் டிவியின் இரண்டு ஸ்பீக்கர்தான் என்றால் ஆறு தடமும் இரண்டாகக் கலக்கும். வசனம் முணுமுணுப்பாகவும் சண்டைக்காட்சி கூரை அதிரவும் கேட்டது அதனால். அமைப்பு மெனுவில் டிஆர்சி என்று மூன்றெழுத்தில் ஒரு வசதி இருந்தது. மெல்லிய ஒலியை உயர்த்தி உரத்ததை அடக்கும். இரவில் படம் பார்க்கும் கூட்டுக்குடும்பத்துக்கு அதைவிடப் பயனுள்ள வசதி அந்தப் பெட்டியிலேயே இல்லை. யாரும் திறந்து பார்க்காத மெனுவில் அது கிடந்தது. ஹோம் தியேட்டர் பெட்டிகளின் மேல் ஆயிரக்கணக்கில் போட்ட பிஎம்பிஓ வாட்டுக்குப் பொதுவான அளவுமுறை எதுவும் கிடையாது. ஆர்எம்எஸ் என்று சிறிய எழுத்தில் இருந்த எண்ணே ஸ்பீக்கரின் நிலையான வலிமை.

மண்டல எண்ணைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உலகை ஆறாகப் பிரித்ததில் இந்தியாவும் இலங்கையும் 5, அமெரிக்கா 1, ஐரோப்பாவும் ஜப்பானும் 2, சிங்கப்பூரும் மலேசியாவும் 3. உறவினர் ஊருக்கு வரும்போது கொண்டுவந்த ஆங்கிலப் பட டிஸ்க், எண் பொருந்தாவிட்டால் ஓடாது. ரிமோட்டில் ரகசிய எண்வரிசையை அழுத்தி எல்லா மண்டலத்தையும் திறந்துவைப்பது கடைகளில் வழக்கமாகிவிட்டது. எம்பி3 வந்தபின் 128 கிலோபிட் பாட்டுகள் 150 வரை ஒரே சிடியில் ஏறின, ஏறத்தாழ 12 மணி நேர இசை. யுஎஸ்பி குழி வந்ததும் டிஸ்க்கின் தேவையே குறையத் தொடங்கியது.

அந்தப் பக்கத்தில் இல்லாதவற்றுள் முதலாவது லென்ஸ். மெக்கானிக்குகள் லேசர், லென்ஸ், அதை மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைக்கும் கம்பிச்சுருள் எல்லாம் சேர்ந்த முழு உறுப்பையும் 'லென்ஸ்' என்றே சொன்னார்கள். சோனியின் கேஎஸ்எஸ்-213 போன்ற சில மாடல்கள்தான் எண்ணற்ற சிடி, விசிடி பிளேயர்களுக்குள் இருந்தன. டிவிடி பிளேயர்களிலும் நிலைமை அதுவே. தைவானின் மீடியாடெக் செய்த எம்டி1389 என்ற ஒரே சிப், பெயர் தெரிந்த பெட்டியிலும் தெரியாத பெட்டியிலும் வேலை செய்தது. விலை வேறுபாட்டின் ஒரு பங்கு மட்டுமே உள்ளே இருந்தது என்பதை, ரிச்சி தெருவில் பலகைகளைப் பிரித்து அடுக்கிவைத்தவர்கள் நன்றாக அறிவார்கள்.

லேசர் வயதாகும்போது மங்கும். முதலில் எழுதிய டிஸ்க்குகள் ஓடாமல் போகும், பிறகு கீறல் டிஸ்க்குகள், கடைசியில் புது டிஸ்க்குக்கும் 'நோ டிஸ்க்' என்று காட்டும். லென்ஸின் பக்கத்திலுள்ள சிறு திருகைத் திருப்பினால் லேசருக்கு மின்னோட்டம் கூடி, படம் மறுபடி ஓடும். அவசரத்துக்குச் செய்யும் இந்த வைத்தியம் எஞ்சிய ஆயுளைச் சீக்கிரம் தின்றுவிடும். பின்புறம் ஒட்டிய 'கிளாஸ் 1 லேசர்' என்ற எழுத்துக்கு, மூடிய பெட்டிக்கு வெளியே ஆபத்தில்லை என்பதே பொருள். மூடியைக் கழற்றி லேசரைக் கண்ணால் சோதித்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

2006இல் வந்த புளூ-ரே அலைநீளத்தை 405 நானோமீட்டருக்கும் தட இடைவெளியை 0.32 மைக்ரோமீட்டருக்கும் இறக்கி, ஓர் அடுக்கில் 25 ஜிகாபைட்டை அடக்கியது. 1920×1080 படம், எச்டிஎம்ஐ கம்பி, இந்தியாவுக்கு மண்டலம் சி. தொழில்நுட்பத்தில் அது இந்த வரிசையின் சிகரம். தமிழ்நாட்டில் பரவலாக வீடு சேருமுன்பே பென் டிரைவும் இணையமும் முந்திக்கொண்டன.

வீடுகளில் இன்றும் பத்திரமாக இருக்கும் டிஸ்க்குகள் பெரும்பாலும் கல்யாண வீடியோக்கள். அவை அச்சிட்டவை அல்ல, எழுதிய சிடி-ஆர், டிவிடி-ஆர் வகை. கரிமச் சாயத்தில் பதிந்த தரவு வெப்பத்திலும் வெயிலிலும் மெல்ல அழியும், மேலே ஒட்டிய காகித ஸ்டிக்கர் சுருங்கி டிஸ்க்கை வளைப்பதும் உண்டு. நகலெடுக்கும்போது டிவிடியின் வீடியோ கோப்புறையை முழுதாக எடுக்க வேண்டும். அதில் படமும் ஒலியும் விஓபி கோப்புகளில் இருக்கின்றன. எங்கே எது தொடங்குகிறது என்ற குறிப்பு ஐஎஃப்ஓ கோப்பில். அதன் காப்புப்படி பியூபி என்ற பெயரில் டிஸ்க்கில் சற்றுத் தள்ளி எழுதப்படுகிறது, ஒரே கீறல் இரண்டையும் கெடுக்காமலிருக்க. விஓபி கோப்புகளுக்கு அப்படி ஒரு காப்புப்படி டிஸ்க்கில் கிடையாது. ஒரு டிரைவ் படிக்க மறுத்த டிஸ்க்கை வேறு டிரைவ் படித்துவிடுவதுண்டு, ஆகவே இரண்டு மூன்று டிரைவ்களில் போட்டுப் பார்க்காமல் எந்த டிஸ்க்கையும் தூக்கி எறியக் கூடாது.